நாலு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு கேள்வியும்

கொழும்பிலிருந்து முதலாளி எழுதிய கடிதத்தில் நாலே வரிதான் இருந்தது. கடையை மறுபடி திறந்தாகிவிட்டது. பங்குனி முடிவதற்குள் வந்து சேரவும். பழைய வேலை அப்படியே இருக்கிறது. கடைக்குப் பின்புறம் இரண்டு அறை வீடு காலியாகக் கிடக்கிறது, குடும்பத்தோடு வந்தாலும் ஆட்சேபணை இல்லை. முதல் மூன்று வரியையும் ஒரு தடவை படித்தேன். கடைசி வரியை ரேஷன் ஆபீஸ் மேஜை டிராயருக்குள் வைத்துக்கொண்டு சாயங்காலம் வரை படித்தேன்.

எனக்கும் சொர்ணத்துக்கும் கல்யாணமாகி ஆறு வருஷம். நான் கொழும்பில் ஜவுளிக்கடை குமாஸ்தா. அவள் மதுரை சிம்மக்கல்லில் எங்கள் வீட்டு மருமகள். இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை லீவில் வருவேன். அவள் முகம் பழகுவதற்குள் மறுபடி கொழும்புக்குப் போட்மெயில் ரயில் ஏறிவிடுவேன். யுத்தத்தில் கொழும்பில் குண்டு விழுந்ததும் முதலாளி கடையைப் பூட்ட, நானும் ஊர் திரும்பி ரேஷன் ஆபீஸில் தற்காலிகமாக ஒட்டிக்கொண்டேன். வந்து பதினோரு மாசம். அம்மா, அண்ணன், மதினி, அவர்களுடைய நாலு பிள்ளைகள், நாங்கள் இருவர் என்று இரண்டு அறைக்குள் ஒன்பது பேர். பதினோரு மாசத்தில் நான் சொர்ணத்தோடு பேசியதெல்லாம் 'தண்ணி கொண்டா', 'சட்டை எங்கே' என்ற அளவில்தான்.

கடிதத்தை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். அம்மா வெற்றிலையை மென்று முடித்தாள்.

"கூட்டிட்டுப் போறதுன்னா போப்பா. நான் குறுக்க நிக்க மாட்டேன். ஆனா அது குண்டு விழுந்த ஊரு. அவ வாயால 'வாரேன்'னு சொல்லணும். நீ சொன்னியேன்னு தலையாட்டிட்டு வந்து, அங்க உக்காந்து ஒரு பொம்பள அழுகக் கூடாது" என்றாள்.

நியாயமான பேச்சு. அங்கேதான் எனக்குச் சிக்கல். சொர்ணத்திடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் வரும்: "உங்க இஷ்டம்." குழம்பா ரசமா என்றால் உங்க இஷ்டம். மல்லிகையா கனகாம்பரமா என்றால் உங்க இஷ்டம். கொழும்பா மதுரையா என்று கேட்டு அதற்கும் அந்தப் பதிலே வந்துவிட்டால் என் கதி என்ன? அவளைத் தனியாக உட்கார வைத்து, மனதில் உள்ளதைக் கேட்க வேண்டும். வீட்டில் அதற்கு ஒரு மூலைகூடக் கிடையாது. புருஷனும் பெண்டாட்டியும் ஊர் சுற்றப் போகிறோம் என்றால் தெருவே சிரிக்கும். கோயிலுக்குப் போகிறோம் என்றால் யாரும் வாயைத் திறக்க முடியாது. பங்குனி முடிய நாலு ஞாயிற்றுக்கிழமை இருந்தது. நாலு கோயில் போதாதா என்று நினைத்தேன்.

முதல் ஞாயிறு திருப்பரங்குன்றம். ரயிலில் ஒரே ஸ்டேஷன் தூரம். ஆனால் அந்தக் காலத்தில் ராணுவ ஸ்பெஷல் ஒன்று வந்தால் மற்ற வண்டியெல்லாம் ஒதுங்கி நின்று வழிவிட வேண்டும். எங்கள் வண்டி பாதி வழியில் வயல்வெளியில் நின்றது, நின்றுகொண்டே இருந்தது. ஜன்னலுக்கு வெளியே கண்மாயில் பாதித் தண்ணீர். அதில் குன்றம் தலைகீழாகக் கிடந்தது. நாரைகள் அந்தக் குன்றத்தின் உச்சியில் நடந்து மீன் பிடித்துக்கொண்டிருந்தன. சொர்ணம் கன்னத்தில் கைவைத்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்த வண்டி இனிமேல் நகராமலே இருந்தாலும் பாதகமில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

எதிர் ஆசனத்தில் வடக்கத்திச் சிப்பாய் ஒருவன் இருந்தான். கொழும்புக் கடைத்தெருவில் பொறுக்கிய இந்துஸ்தானி எனக்குக் கொஞ்சம் உண்டு. "புதிதாகக் கல்யாணம் ஆனவர்களா?" என்று கேட்டான். ஆறு வருஷம் என்றேன். "அப்படியானால் ஏன் இரண்டு பேரும் பக்கத்து ஊர்க்காரர்கள் மாதிரி உட்கார்ந்திருக்கிறீர்கள்?" என்றான். பதில் சொல்ல என்னிடம் இந்துஸ்தானி போதவில்லை. தமிழும்தான் போதவில்லை. அவன் கொடுத்த ராணுவ பிஸ்கட்டைக் கடித்துப் பார்த்துவிட்டு சொர்ணம் ரகசியமாக முந்தானையில் முடிந்துகொண்டாள். பல் போயிருக்கும் என்று பிறகு சொன்னாள்.

கோயில் குளத்தில் மீனுக்குப் பொரியும் உப்பும் போட்டோம். மீன்கள் வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. கேட்க நல்ல நேரம். நான் தொண்டையைக் கனைத்ததும் அவள் திரும்பிப் பார்த்தாள். "பொரி இன்னும் வேணுமா?" என்று கேட்டேன். "உங்க இஷ்டம்" என்றாள். அந்த ஞாயிறு அத்தோடு போயிற்று.

இரண்டாவது ஞாயிறு வண்டியூர் மாரியம்மனுக்கு என்று சொல்லித் தெப்பக்குளம் போனோம். கீழவாசல் தாண்டியதும் ஜட்கா குதிரை நின்றுவிட்டது. வண்டிக்காரர் கோரிப்பாளையத்துக்காரர், ராவுத்தர். சவுக்கைத் தொடவே இல்லை. இறங்கிப் போய்க் குதிரையின் காதில் என்னவோ சொன்னார். திரும்பி வந்து, "கோவிச்சுக்கிருச்சு அண்ணே. கொள்ளு ரேஷனாப் போனதுலருந்து இப்படித்தான். பேசிப் பேசித்தான் ஓட்ட வேண்டியிருக்கு" என்றார். குதிரையிடமே பேசிக் காரியம் சாதிக்கிற மனிதரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது.

தெப்பக்குளத்தில் சொட்டுத் தண்ணீர் இல்லை. அதனால் என்ன, தெப்பம் இல்லாமலே நடு மண்டபத்துக்கு நடந்து போகலாம். வழக்கப்படி நான் பத்தடி முன்னால், அவள் பின்னால். எங்கள் பக்கத்தில் புருஷன் முன்னால் நடக்க வேண்டும். திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் 'பொண்டாட்டி காணாமப் போயிருவாளோன்னு பயப்படுறான்' என்று கேலி செய்வார்கள். அவள் வருகிறாள் என்பதற்கு மெட்டிச் சத்தம்தான் அத்தாட்சி. அன்று வெடித்த மண்ணில் மெட்டிச் சத்தமும் கேட்கவில்லை. ஆனாலும் அவள் வருகிறாள் என்பது முதுகுக்குத் தெரிந்தது.

மண்டபத்துப் படியில் உட்கார்ந்தோம். வெயில் சாய்ந்து குளத்தின் நாலு பக்கச் சுவரும் மஞ்சளாயின. வேப்பம்பூ வாசம் எங்கிருந்தோ வந்தது. கொழும்பில் சாயங்காலம் எல்லோரும் கடற்கரைக்குப் போய்க் காற்று வாங்குவார்கள், இங்கே நாம் வற்றின குளத்தில் உட்கார்ந்து காற்று வாங்குகிறோம் என்றேன்.

"கடல்னா எம்புட்டு இருக்கும்?" என்று கேட்டாள். அவளாகக் கேட்ட முதல் கேள்வி.

"அக்கரை தெரியாது" என்றேன்.

"இந்தக் குளம் மாதிரி எத்தனை?"

"எண்ணி முடியாது."

அவள் விரலால் கல்லில் என்னவோ கோடு போட்டுக்கொண்டிருந்தாள். நானும் பெரிய பூகோள சாஸ்திரி மாதிரி மனதுக்குள் கடலை அளந்துகொண்டிருந்தேன்.

மூன்றாவது ஞாயிறு, கோயிலுக்குப் போகிற வழியில் நாயக்கர் மகாலுக்குள் நுழைந்துவிட்டோம். கச்சேரிக்கு, அதாவது அங்கே நடந்துவந்த ஜில்லாக் கோர்ட்டுக்கு, விடுமுறை. காவல்காரர் புகையிலைக்கு மசிந்து உள்ளே விட்டார். வெளியே அனல், உள்ளே தூண்களுக்கு நடுவே கிணற்றுக்குள் இருக்கிற மாதிரிக் குளிர்ச்சி. எங்கள் காலடிச் சத்தம் மேலே போய் வளைவுகளில் சுற்றிவிட்டு, நாங்கள் நின்ற பிறகும் நடந்துகொண்டிருந்தது. சொர்ணம் அண்ணாந்து பார்த்தபடி தூணுக்குத் தூண் கையால் தொட்டுக்கொண்டே போனாள். அந்த இடத்தில் மட்டும் அவள் என் பின்னால் வரவில்லை, நானும் முன்னால் போகவில்லை.

ஒரு தூணை நான் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாகக் கட்டிப் பிடித்துப் பார்த்தோம். விரல் எட்டவில்லை. "இன்னும் கொஞ்சம்" என்றேன். "எம்புட்டு?" என்றாள் தூணுக்கு அந்தப் பக்கமிருந்து. முகம் தெரியாததால் எனக்கும் தைரியம் வந்தது. சொல்லிவிடலாம் என்று மூச்சை இழுத்தேன்.

"ஏய்யா, சர்க்கார் தூண்யா அது!" என்று காவல்காரர் சத்தம் போட்டுக்கொண்டு ஓடிவந்தார். "அம்புட்டுச் சுண்ணாம்பும் சட்டையில வந்துரும்!"

உண்மைதான். என் சட்டையிலும் அவள் ரவிக்கையிலும் ஒரே மாதிரி வெள்ளை. தட்டிவிடத் தட்டிவிட அவளுக்குச் சிரிப்பு வந்தது. அப்படி அவள் சிரித்து நான் பார்த்ததே இல்லை. வாசலில் கருப்பட்டிக் காபி குடிக்கும்போது அந்தச் சிரிப்பு திடீரென்று நின்றது. முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஏன் என்று எனக்குப் புரியவில்லை. கடிதம் வந்தது காதில் விழுந்திருக்கும், கொழும்பு என்றாலே இவளுக்குப் பயம், அதுதான் என்று நானே முடிவு கட்டி, அன்றைக்கும் கேட்காமல் வீட்டுக்கு வந்தேன்.

கடைசி ஞாயிறு அழகர்கோவில். கோரிப்பாளையத்தில் கரி பஸ் ஏறினோம். பெட்ரோல் கிடைக்காத நாளில் பஸ்ஸின் முதுகில் பீப்பாய் மாதிரி ஒரு அடுப்பைக் கட்டி, கரி போட்டு, அந்தப் புகையில் ஓட்டினார்கள். பெரிய மீசைக் கிளீனர் ஒருவர் அரைமணி நேரம் விசிறியைச் சுற்றி அடுப்பை உசுப்பிய பிறகு பஸ் இருமிக்கொண்டு கிளம்பியது. அழகர்மலை தூரத்தில் நீலமாகத் தெரிந்தது. கிட்டப் போகப் போகப் பச்சையாயிற்று. இறங்கும்போது எல்லோர் மூக்கிலும் கரி.

மலைமேல் இருக்கும் தீர்த்தத்தில் குளித்துவிட்டு வந்து சாமி கும்பிடுவதாகத் திட்டம். கருப்பசாமி வாசலில் நேர்த்திக்கடன் கூட்டம். மொட்டைத் தலைகள், மாலை போட்ட ஆட்டுக்கடாக்கள், காது கிழியும் மேளம். நான் குடையை ஊன்றிக்கொண்டு வழக்கம்போல முன்னால் நடந்தேன். கூட்டம் விட்டு மலைப்பாதையில் ஏறியதும் சத்தமெல்லாம் கீழே தங்கிவிட்டது. இரு பக்கமும் மரங்கள் கூரை போட்டிருந்தன. வெயில் காசு காசாக விழுந்து கிடந்தது. எங்கேயோ தண்ணீர் ஓடியது. பின்னால் கல்லில் மெட்டிச் சத்தம் சீராக வந்தது. ஓரக்கண்ணில், சொர்ணம் அன்று கட்டியிருந்த அரக்குச் சுங்குடிச் சேலையின் நிறமும் தெரிந்தது.

இதற்குமேல் நாள் இல்லை. செவ்வாய்க்கிழமை டிக்கெட். முகத்தைப் பார்த்தால் வார்த்தை வராது என்று தெரிந்துபோனதால் திரும்பாமலே நடந்துகொண்டே சொன்னேன்:

"இந்தா, கேளு. நாலு வாரமா ஒன்னயக் கூட்டிட்டு அலையிறது இதக் கேக்கத்தான். என்கூடக் கொழும்புக்கு வாரியா? 'உங்க இஷ்டம்'னு சொல்லிராத. ஒன் மனசுல என்ன இருக்கோ அதச் சொல்லு. நீ இல்லாம அந்த ஊர்ல எனக்குச் சோறு எறங்கல."

மெட்டிச் சத்தம் நின்றது. நானும் நின்றேன்.

"நான் எதுக்குய்யா கொழும்புக்கு வாரேன்?" என்றது பின்னாலிருந்து ஒரு கட்டைக் குரல். "இங்க வெள்ளரிக்காய யாரு விக்கிறது?"

திரும்பினேன். அதே அரக்குச் சுங்குடி. ஆனால் உள்ளே இருந்தது நாற்பத்தைந்து வயது அம்மாள். தலையில் வெள்ளரிக்காய்க் கூடை. குரங்கு கூடையில் கைவைத்துவிடும் என்று, குடை வைத்திருந்த என் நிழலிலேயே அடிவாரத்திலிருந்து ஒட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். சொர்ணம் எங்கும் இல்லை.

தனியாகத் தெருமுனை தாண்டாதவள். அந்தக் கூட்டத்தில் எங்கே போய் நிற்கிறாளோ? குடையைப் போட்டது போட்டபடி கீழே ஓடினேன். "நில்லுய்யா, பொண்டாட்டியத் தொலைச்ச மனுசா! நானும் வாரேன்!" என்று கூடையைப் பிடித்துக்கொண்டு அந்த அம்மாளும் பின்னாலேயே ஓடிவந்தாள். போட்ட குடையையும் அவளேதான் எடுத்து வந்தாள்.

சொர்ணம் கருப்பசாமி வாசலுக்கு எதிரே ஒரு புளியமரத்தடியில் நின்றுகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் அழுவாள் என்று நினைத்தேன். கோபத்தில் முகம் சிவந்திருந்தது.

"மேளக்காரங்க நடுவுல வந்துட்டாங்க. 'என்னங்க, என்னங்க'ன்னு நாலு தடவ கூப்பிட்டேன். அங்கன நின்ன ஆம்பளயெல்லாம் திரும்பிப் பாத்தாங்க. நீங்க மட்டும் திரும்பல" என்றாள்.

புருஷன் பேரைச் சொல்லிக் கூப்பிட அவளுக்கு உரிமை இல்லை. பெண்டாட்டியைத் திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. இந்த லட்சணத்தில் கடல் தாண்டிக் குடித்தனம் செய்ய நான் ஆசைப்படுகிறேன். வெட்கமாக இருந்தது. வாயடைத்து நின்றேன்.

வெள்ளரிக்காய் அம்மாளுக்கு அப்படி ஒன்றும் அடைக்கவில்லை. கூடையை இறக்கி வைத்து மூச்சு வாங்கிவிட்டு, அங்கே இருந்தவர்களெல்லாம் கேட்கிற மாதிரி சொன்னாள்: "ஆத்தா, ஒம் புருசன் என்னையக் கொழும்புக்குக் கூப்புடுறாரு. நாலு வாரமாக் கேக்கணும்னு நெனச்சாராம். நீ இல்லாமச் சோறு எறங்கலயாம். நான் வரலேன்னுட்டேன். நீ என்ன சொல்ற?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சொர்ணம் சிரிக்கவில்லை. அந்த அம்மாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மரத்தடியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அம்மாள் ஆளுக்கொரு வெள்ளரிக்காயை உப்பு மிளகாய்த்தூள் தடவிக் கொடுத்துவிட்டு நகர்ந்தாள். நானும் சொர்ணத்தின் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெள்ளரிக்காயைக் கையில் உருட்டிக்கொண்டே அவள் கேட்டாள்: "அப்ப அதுக்காகவா இந்த நாலு வாரமும்?"

"அதுக்குத்தான். நீ என்னன்னு நெனச்ச?"

"கடுதாசி வந்தது எனக்கும் தெரியும். வீட்டுல யாரும் எங்கிட்டச் சொல்லல. தனியாப் போகப்போறீங்க, மனசு நோகக் கூடாதேன்னு அங்கயும் இங்கயும் கூட்டிட்டுப் போறீங்கன்னு நெனச்சேன்." எதிரே மாலையோடு தழை தின்றுகொண்டிருந்த கடாவைக் காட்டினாள். "அந்தா, அதுக்குத் தழை போடுறாங்கள்ல, அதே மாதிரி. ஞாயித்துக்கெழம விடிஞ்சாலே இன்னும் எத்தன ஞாயிறு மிச்சம்னு எண்ணுவேன். கடல் எம்புட்டு இருக்கும்னு கேட்டேனே, வந்து பாருன்னு உங்க வாயில வந்துச்சா?"

நாலு வாரமும் நான் சொர்க்கத்தில் மிதந்துகொண்டிருந்தேன். பக்கத்திலேயே அவள் விடைபெற்றுக்கொண்டிருந்திருக்கிறாள். என் மேல் எனக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. அவள் மேல் அப்படி ஒரு பிரியமும் வந்தது. இந்தத் தடவை முகத்தைப் பார்த்தே கேட்டேன்: "வாரியா?"

அவள் வெள்ளரிக்காயை ஒரு கடி கடித்தாள். "யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

ஆறு வருஷத்தில் முதல் தடவையாக 'உங்க இஷ்டம்' என்ற பதில் வரவில்லை. அதற்குச் சந்தோஷப்படுவதா? இல்லை என்று சொல்லப்போகிறாள் என்று பயப்படுவதா? கொழும்பில் குண்டு விழுந்தபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் இருந்ததில்லை. சாமி தரிசனம் ஆயிற்று. பிரசாத தோசை வாங்கினோம், நெய்யில் வெந்து கனத்த தோசை. அவள் இரண்டு தின்றாள். எனக்கு ஒரு விள்ளல் இறங்கவில்லை.

திரும்பும்போது அப்பன்திருப்பதி தாண்டி ஒரு மேட்டில் கரி பஸ் மூச்சை விட்டுவிட்டது. "ஆம்பளைங்க எறங்கித் தள்ளுங்க! பொம்பளைங்க மேடு வரைக்கும் நடங்க!" என்று கிளீனர் உத்தரவு போட்டார். தள்ளினோம். பெண்கள் கூட்டமாகப் பேசிக்கொண்டு ரோட்டில் முன்னால் நடந்தார்கள். சொர்ணத்தின் முதுகை அன்றுதான் பார்த்தேன். நடையில் ஒரு சின்ன அசைவு, பின்னலில் வாடின கனகாம்பரம், தோளில் இறங்கிய மாலை வெயில். வயலுக்கு அப்பால் யானைமலை படுத்துக் கிடந்தது. பத்தடிக்கு ஒரு தடவை அவள் நின்று, நான் வருகிறேனா என்று திரும்பிப் பார்த்தாள். மற்றப் பெண்கள் கேலி செய்தார்கள். அவள் லட்சியம் செய்யவில்லை.

"மாப்ள, தள்ளுறதா இல்ல பாக்குறதா?" என்றார் பக்கத்தில் தோள் கொடுத்தவர்.

மேட்டின் உச்சியில் பஸ் உயிர்பெற்றது. பெண்கள் முன் ஆசனங்களிலும் ஆண்கள் பின்னாலுமாக ஏறிக்கொண்டோம். நடுவில் இருபது பேர் இருப்பார்கள். பஸ் வேகம் எடுத்ததும் சொர்ணம் எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு என் பக்கம் திரும்பினாள். வீட்டில் அடுத்த அறைக்குக் கேட்காத அந்தக் குரல், இஞ்சின் சத்தத்தை மீறி வந்தது.

"ஏங்க, கொழும்புல தண்ணி கெணத்துலயா, கொழாயிலயா?"

"கொழாய்" என்றேன்.

"வீட்டுக்குள்ளயேவா?"

"வாசல்ல."

"அப்பச் சின்னக் கொடமே போதும். அத மட்டும் எடுத்துட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தாள்.